சதுர அடியும் வெளிச்சக் கோணமும்: தாராவி மறுவளர்ச்சியில் மக்கள் கருத்தின் இடம்

மும்பையில் ஆற்றல்சிக்கனக் கட்டடங்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஒரு வாதம் முன்வைக்கப்படுகிறது. குடிசைப் பகுதி மக்களுக்கு இதில் அக்கறை இல்லை, அவர்கள் கேட்பதெல்லாம் சதுர அடிதான் என்பது அந்த வாதம். தாராவியின் நாற்பதாண்டுப் பேச்சுவார்த்தைகளை மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு இது சரியென்றே படும். இக்கட்டுரை அதை மறுக்கிறது. பேரம் பேசுவதற்கென்று அம்மக்கள் முன் வைக்கப்பட்டது சதுர அடி ஒன்றுதான். ஆகவே அதைப் பேசினார்கள். வெளிச்சம், காற்று, மின்கட்டணம் குறித்து அவர்களுக்குத் தெளிவான, அனுபவத்தில் விளைந்த கருத்துகள் உண்டு. அவற்றைப் பதிவுசெய்யும் இடம் திட்டமிடல் நடைமுறையில் இல்லை.

முதலில் சட்டம். 1966ஆம் ஆண்டின் மகாராஷ்டிர வட்டார, நகரத் திட்டமிடல் சட்டப்படி, வளர்ச்சித் திட்ட வரைவை வெளியிட்டால் பொதுமக்களிடம் ஆட்சேபங்களும் ஆலோசனைகளும் கேட்டாக வேண்டும். இதை வெறும் சடங்கு என்று தள்ளிவிட முடியாது. 2015 பிப்ரவரியில் மும்பை மாநகராட்சி வெளியிட்ட வரைவில் ஆரே பசுமைப் பகுதி கட்டுமானத்துக்குத் திறந்துவிடப்பட்டிருந்தது. இருக்கும் கட்டடங்களின் மேலேயே சாலைகள் வரையப்பட்டிருந்தன. ஆட்சேபங்கள் பல்லாயிரக்கணக்கில் குவிந்தன. ஏப்ரலிலேயே முதல்வர் தேவேந்திர ஃபட்னவீஸ் அந்த வரைவைத் திருத்தி எழுத உத்தரவிட்டார். 2018இல் நடைமுறைக்கு வந்த 2034ஆம் ஆண்டுக்கான திட்டமும் அதன் கட்டுப்பாட்டு விதிகளும் அந்தக் கொந்தளிப்புக்குப் பிறகு உருவானவை. மக்கள் கருத்தால் மும்பையில் ஒரு திட்டத்தையே திருப்பி அனுப்ப முடியும் என்பதற்கு இது சான்று.

ஆனால் வரைபடத்தில் கோடாகத் தெரிவதை எதிர்த்துத்தான் மக்களால் ஆட்சேபம் எழுத முடியும். சாலை தெரியும், பூங்கா தெரியும், பள்ளிக்கு ஒதுக்கிய மனை தெரியும். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே எத்தனை மீட்டர் விடப்படும், தரைத்தளத்து அறைக்குள் எவ்வளவு வானம் தெரியும் என்பவை விதித்தொகுப்பின் உட்பிரிவுகளிலும் அட்டவணைகளிலும் புதைந்து கிடக்கின்றன. ஆற்றல் தொடர்பான முடிவுகளில் பெரும்பகுதி இந்த அட்டவணைகளில்தான் எடுக்கப்படுகிறது.

தாராவியில் பேரம் எப்படிச் சதுர அடிக்குள் சுருங்கியது என்பதைப் பார்க்கலாம். 1985இல் ராஜீவ் காந்தி அறிவித்த பிரதமர் நிதித் திட்டம், 1995இல் தொடங்கிய குடிசை மறுவாழ்வு ஆணையம், 2004இல் கட்டடக்கலைஞர் முகேஷ் மேத்தாவின் யோசனைப்படி உருவான தாராவி மறுவளர்ச்சித் திட்டம் என்று அடுக்கடுக்காகத் திட்டங்கள் வந்தன. மறுவாழ்வு வீட்டின் அளவு 225 சதுர அடியிலிருந்து 269 ஆனது, பிறகு 300 ஆனது. 2022 நவம்பரில் அதானி குழுமம் இந்தத் திட்டத்தை 5,069 கோடி ரூபாய்க்கு ஏலம் எடுத்தது. 2024இல் தகுதியுள்ளோருக்கு 350 சதுர அடி என்று அறிவிப்பு வந்தது. தாராவி பசாவ் ஆந்தோலன் என்ற எதிர்ப்பியக்கம் 500 கேட்கிறது. சாதாரணக் குடிசை மறுவாழ்வுத் திட்டத்துக்குக் குடியிருப்போரில் பாதிக்கு மேற்பட்டவர்களின் ஒப்புதல் தேவை. தாராவிக்கு மட்டும் அந்த நிபந்தனை விலக்கப்பட்டது. கோலார் தங்கவயலில் பிறந்த ஜோக்கின் அற்புதம் 2007இல் முன்னின்று நடத்திய கறுப்புக்கொடிப் போராட்டத்தின் அடிநாதம் இதுதான்: எங்களைக் கேட்காமல் எங்கள் வீட்டை வரையாதே. ஒப்புதல் உரிமை பறிபோன இடத்தில் எஞ்சியது இழப்பீட்டின் அளவைப் பற்றிய வாதம் மட்டுமே. அந்த அளவைச் சொல்லக் கிடைத்த அலகு சதுர அடி.

இது ஏழைகளுக்கு மட்டுமே உரிய குணம் என்று எண்ண வேண்டாம். செம்பூரிலும் மாட்டுங்காவிலும் பழைய கூட்டுறவு வீட்டுச் சங்கங்கள் மறுகட்டுமானத்துக்குப் போகும்போது பொதுக்குழுவில் நடப்பதும் இதேதான். கார்பெட் ஏரியா எத்தனை சதவீதம் கூடும், இடைக்கால வாடகை எவ்வளவு, கார்பஸ் தொகை எவ்வளவு என்றே பேச்சு ஓடுகிறது. மேற்கு வெயில் எந்த அறையில் விழும் என்று கேட்பவரைப் பொதுக்குழு பொறுமையின்றித்தான் பார்க்கும். படித்த நடுத்தர வகுப்பும் முன்னால் நீட்டப்பட்ட தாளில் உள்ளதைத்தான் பேசுகிறது. ஒரு வேறுபாடு உண்டு. செம்பூர்ச் சங்க உறுப்பினருக்கு வாக்கு இருக்கிறது; தாராவிக்காரருக்கு இல்லை.

மாட்டுங்காவின் கதையை இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1896இல் பம்பாயைத் தாக்கிய பிளேக்குக்குப் பின், 1898இல் பம்பாய் மேம்பாட்டு அறக்கட்டளை அமைக்கப்பட்டது. தாதர், மாட்டுங்கா பகுதிகளை மனை பிரித்து, சாலை போட்டு உருவாக்கியது அந்த அமைப்புத்தான். அதன் தலைவராக இருந்த ஜே.பி. ஆர், 1912இல் பம்பாய்க் குடியிருப்புகளின் வெளிச்சத்தையும் காற்றையும் பற்றி ஆற்றிய உரையில் ஒரு விதியை வலியுறுத்தினார். ஓர் அறையின் வெளிச்சுவர் அடியிலிருந்து 63½ டிகிரி சாய்வில் ஒரு கோடு இழுத்தால், எதிர்க் கட்டடம் அந்தக் கோட்டுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. எளிய கணக்கில், கட்டடத்தின் உயரம் எதிரே உள்ள திறந்தவெளியின் அகலத்தைப் போல இரு மடங்குக்கு மிகாமல் இருக்க வேண்டும். கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றி இன்றும் நிற்கும் பழைய மூன்று மாடிக் கட்டடங்களின் இடைவெளிகளில் அந்தச் சிந்தனையின் தடத்தைப் பார்க்கலாம். அங்கே குடியேறிய தென்னிந்தியக் குடும்பங்களின் நடுத்தர வகுப்பு வாழ்வை வரலாற்றாசிரியர் நிகில் ராவ் 2013இல் வெளியான தம் நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். இருப்புப்பாதைக்கு அந்தப் பக்கம், திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கும் பிற உழைப்புக்கும் வந்த தமிழர்கள் சேற்று நிலத்தைத் தூர்த்துக் குடியேறிய தாராவிக்கு அந்தக் கோணம் எட்டவில்லை. இரு பகுதிகளும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. மரங்கள் அடர்ந்த மாட்டுங்காவைவிடத் தகரக்கூரைத் தாராவியின் மேற்பரப்பு வெப்பம் சில டிகிரி அதிகம் என்பது செயற்கைக்கோள் தரவுகளில் தெரிகிறது.

ஆரின் விதியை நான் கொண்டாடவில்லை. காலனிய அதிகாரி மேலிருந்து இறக்கிய விதி அது; நெரிசலான குடியிருப்புகளை இடித்தே அந்த அறக்கட்டளை வளர்ந்தது. என் வாதத்துக்கு வேண்டியது, 1912இல் எண்ணாகவே சொல்லப்பட்ட ஒரு தரம் நூறாண்டுக்குப் பின் ஏழைகளின் கட்டடங்களில் கைவிடப்பட்டது என்ற செய்தி. செம்பூரை ஒட்டிய கோவண்டியிலும் மான்கூர்டிலும் உள்ள மறுவாழ்வுக் குடியிருப்புகள் இதற்குச் சாட்சி. நட்வர் பாரேக் வளாகத்தில் தரைத்தளமும் ஏழு மாடிகளும் கொண்ட கட்டடங்கள் ஏறக்குறைய 3 மீட்டர் இடைவெளியில் வரிசையாக நிற்கின்றன. கட்டடத்தின் உயரத்தைச் சுமார் 23 மீட்டர் என்று கொண்டால், ஆரின் கணக்குப்படி 11 மீட்டருக்கு மேல் இடைவெளி இருந்திருக்க வேண்டும். டாக்டர்ஸ் ஃபார் யூ அமைப்பின் ஆய்வு 2018இல் வெளிவந்தது. நட்வர் பாரேக், லல்லுபாய் வளாகங்களில் ஏறக்குறைய பத்து வீட்டுக்கு ஒரு வீட்டில் காசநோய் இருந்ததையும், கட்டடங்களுக்கிடையே தாராளமான இடம் விட்ட பி.எம்.ஜி. காலனியில் அது நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் இருந்ததையும் அது பதிவுசெய்தது. பகலிலும் விளக்கு எரிய வேண்டிய, மின்விசிறி ஓயாமல் சுழல வேண்டிய வீடு நோயையும் மின்கட்டணத்தையும் சேர்த்தே தருகிறது.

இனி ஆற்றல் விதிகள். எரிசக்தித் திறன் பணியகம் 2018 டிசம்பரில் வெளியிட்ட ஈகோ நிவாஸ் சம்ஹிதா, குடியிருப்புக் கட்டடங்களின் வெளிச்சுவர் வழியே உள்ளேறும் வெப்பத்துக்குச் சதுர மீட்டருக்கு 15 வாட் என்று உச்சவரம்பு வைக்கிறது. மும்பை போன்ற வெப்பமும் ஈரமும் மிகுந்த பகுதியில் திறக்கக்கூடிய சன்னல், கதவுப் பரப்பு தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்கிறது. 350 சதுர அடி வீட்டுக்கு ஏறக்குறைய 58 சதுர அடி. நல்ல விதிதான். ஆனால் அது சன்னலை அளக்கிறது. சன்னலுக்கு எதிரே என்ன நிற்கிறது என்பதை உள்ளூர் விதிகளுக்கு விட்டுவிடுகிறது. 3 மீட்டர் சந்துக்குள் திறக்கும் 58 சதுர அடிச் சன்னல் தாளில் தேறிவிடும். அடுத்த வீட்டார் பார்வையும் சந்தில் விழும் குப்பையும் சேர்ந்து அதை நாள் முழுக்க மூடியே வைத்திருக்கும். மும்பை மறுவாழ்வுக் குடியிருப்புகளில் ராமித் தேப்நாத், ரோனிதா பர்தன், மின்னா சுனிக்கா-பிளாங்க் முதலியோர் செய்த ஆய்வுகள், குடிசையிலிருந்து அடுக்குமாடிக்கு மாறியபின் மின்சாதனப் பயன்பாடும் செலவும் கூடுவதையும், வீட்டிலேயே நெடுநேரம் இருக்கும் பெண்களே மோசமான வடிவமைப்பின் சுமையை அதிகம் தாங்குவதையும் காட்டுகின்றன.

தாராவிச் சந்தில் அப்பளம் இடும் பெண்ணின் வேலையைக் கவனித்தால் இது விளங்கும். உருட்டிய அப்பளங்களைக் கவிழ்த்து வைத்த மூங்கில் கூடைகளின் மேல் விரித்து, வெயில் நகர நகரக் கூடையையும் நகர்த்துகிறார். வாசற்படியில் உட்கார்ந்தால் வெளிச்சம் போதும். உள்ளே விளக்கு வேண்டாம். எத்தனை மணிக்கு எந்தச் சுவரில் வெயில் விழும், மழைக்காலத்தில் எந்தச் சந்தில் காற்று வரும் என்பது அவருக்குத் துல்லியமாகத் தெரியும். பில்டிங்குக்குப் போனால் அப்பளத்தை எங்கே காயப்போடுவது என்று அவர் கேட்டால், அது வாழ்வாதாரக் கோரிக்கை என்ற தலைப்பில் ஒதுக்கப்படும். அது சூரிய ஆற்றலைப் பற்றிய கேள்வி. விலையில்லாமல் கிடைத்த வெயிலை இழந்தபின் எதைக் கொண்டு ஈடுசெய்வது, அந்தச் செலவை யார் ஏற்பது என்று அவர் கேட்கிறார். மும்பை மாநகராட்சி 2022இல் வெளியிட்ட பருவநிலைச் செயல்திட்டம், நகரின் பசுமைக்குடில் வாயு வெளியேற்றத்தில் சுமார் 72 சதவீதம் மின்சாரம், எரிபொருள் போன்ற ஆற்றல் பயன்பாட்டிலிருந்து வருவதாகக் கணக்கிட்டு, 2050க்குள் நிகர சுழியம் என்ற இலக்கை வைத்தது. அந்த இலக்குக்கும் அப்பளக் கூடைக்கும் உள்ள உறவை எந்த விசாரணைக் குறிப்பும் எழுதிவைப்பதில்லை.

எதிர்வாதம் ஒன்று கனமானது. இடைவெளியை அதிகரித்தால் வீடுகளின் எண்ணிக்கை குறையும், அதனால் இன்னும் பலர் தாராவியை விட்டு வெளியேற்றப்படுவார்கள் என்கிறார்கள். வடிவியல்படி இது சரி. ஆனால் நிலத்தின் பங்கீட்டை ஏன் மாறாததாகக் கொள்ள வேண்டும்? குடிசை மறுவாழ்வு முறையின் அடிப்படையே, சந்தையில் விற்கும் கட்டடங்களின் வருவாயால் இலவச வீடுகளைக் கட்டுவது. மறுவாழ்வுக் கட்டடங்கள் ஒரு மூலையில் நெருக்கப்படுவது விற்பனைப் பகுதிக்கு இடம் விடுவதற்காக. ஆக, எதிரெதிரே நிற்பவை ஏழையின் வெளிச்சமும் இன்னோர் ஏழையின் வீடும் என்று சொல்வது கணக்கின் பாதியை மறைப்பது. எவ்வளவு நிலம் விற்பனைக்கு, எவ்வளவு மறுவாழ்வுக்கு என்ற கேள்வியையும் மக்கள் முன் வைத்தால்தான் அது நேர்மையான கணக்கு. பத்தாண்டுப் பராமரிப்பு இலவசம் என்ற வாக்குறுதியும் இதோடு சேர்த்துப் பார்க்கப்பட வேண்டியது. லிஃப்ட், தண்ணீர் பம்ப், இருண்ட நடைவழி விளக்குகளின் மின்செலவு பத்தாண்டு கண்ணில் படாமல் இருக்கும். பதினோராம் ஆண்டில் பில் வரும்போது கட்டடத்தை மாற்ற முடியாது.

மக்களைக் கேளாமல் ஆற்றல் மேம்பாடு செய்வதன் விலையை லண்டன் கண்டது. கிரென்ஃபெல் டவரில் செய்த புதுப்பிப்பு வெப்பக்காப்பையும் உள்ளடக்கியது. பாதுகாப்பைப் பற்றிக் குடியிருப்போர் விடுத்த எச்சரிக்கைகள் பொருட்படுத்தப்படவில்லை. 2017 ஜூனில் அங்கே மூண்ட தீ 72 பேரைப் பலிகொண்டது.

செய்யக்கூடியது கைக்கெட்டாததல்ல. மறுவாழ்வுக் கட்டடங்களுக்கான இடைவெளித் தளர்வுகளை நீக்கி, தரைத்தள அறைக்குக் குறைந்தபட்ச வெளிச்சக் கோணத்தை எண்ணாகவே விதியில் எழுத வேண்டும். வரைபடத்தோடு இரண்டு மூன்று மாற்று வடிவங்களின் குறுக்குவெட்டுத் தோற்றமும், ஒவ்வொன்றிலும் மாதாந்திர மின்செலவு எவ்வளவு வரும் என்ற மதிப்பீடும் வெளியிடப்பட வேண்டும். அரசிதழிலும் மராத்தி, ஆங்கில நாளேடுகளிலும் வரும் அறிவிப்பு தாராவி 90 அடிச் சாலையின் தமிழ்க் குடும்பங்களை எட்டுவதில்லை. தமிழ்வழிப் பள்ளிகளை நடத்தும் மாநகராட்சிக்கு ஓர் அறிவிப்பைத் தமிழில் அச்சிடுவது கடினமல்ல. எல்லாவற்றுக்கும் மேலாக, நட்வர் பாரேக்கிலும் பி.எம்.ஜி. காலனியிலும் வாழ்வோரை விசாரணைக்குச் சாட்சிகளாக அழைக்க வேண்டும். வரைந்தவர்களுக்குத் தெரியாத ஒன்று, அந்த வரைபடத்துக்குள் பல ஆண்டுகள் சமைத்து, உறங்கி, இருமியவர்களுக்குத் தெரியும்.

பொதுமக்கள் என்று யாரைக் கணக்கிடுவது என்ற கேள்வி மிஞ்சுகிறது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் வாழ்ந்தவர்களுக்கே தாராவிக்குள் இலவச வீடு. மேல்தளங்களில் வாழ்பவர்கள் தாராவிக்கு வெளியே வாடகை-கொள்முதல் முறையில் குடியமர்த்தப்படுவார்கள். அவ்வாறு பரிசீலிக்கப்படும் நிலங்களில் ஒன்று செம்பூருக்குக் கிழக்கே உள்ள தேவ்நார் குப்பைமேட்டுப் பகுதி. தகரக்கூரைக்கு நேர்கீழே படுத்து, ஏப்ரல் மே மாத வெக்கையை முழுதும் வாங்கியவர்கள் இந்த மேல்தளத்துக்காரர்கள். வெப்பத்தைப் பற்றி மிக அதிகம் அறிந்த இவர்கள் தாராவிக்குள் எழும் கட்டடங்களைப் பற்றிப் பேசத் தகுதியற்றவர்களாகவும், தேவ்நாரில் எழப்போகும் கட்டடங்களுக்கு இன்னும் குடியிருப்போர் ஆகாதவர்களாகவும் விடப்பட்டிருக்கிறார்கள். அங்கே முதல் கட்டடத்தின் இடைவெளி வரையப்படும் முன்பே இவர்களின் பெயர்ப்பட்டியல் வெளியிடப்பட்டு, விசாரணை இவர்களிடமிருந்து தொடங்க வேண்டும்.