தங்கவயலின் தூசி

சிவாஜிநகர்த் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்குக் கோலார் தங்கவயலில் உறவு உண்டு. வட ஆற்காட்டிலிருந்து புறப்பட்டவருள் சிலர் பெங்களூர்த் தண்டில் தங்கினர். சிலர் சுரங்கத்தில் இறங்கினர்.

1880இல் ஜான் டெய்லர் கம்பெனியார் பொறுப்பேற்ற அச்சுரங்கங்களில், படிகக்கல்லைத் துளைத்தே பொன் எடுக்கப்பட்டது. அப்போது எழும் சிலிக்காத் தூசி கண்ணுக்குப் புலப்படாது. அது நுரையீரலில் படிந்து, தழும்பாக இறுகி, மூச்சைக் குறுக்கும். க்ஷயமென்று மயங்குவது எளிது. க்ஷயத்துக்கு வழிவிடுவதும் அதுவே.

1940இல் மைசூர் அரசு இதனை நஷ்டஈட்டுக்குரிய தொழில்நோயாக ஏற்றது. 1940 முதல் 1946 வரை டாக்டர்கள் 7,653 தொழிலாளரைச் சோதித்தனர். நூற்றுக்கு ஏறத்தாழ 44 பேரிடம் நோய் காணப்பட்டது! சுரங்கம் தொடங்கி அறுபது ஆண்டுகளுக்குப் பின்னரே இக்கணக்கு எடுக்கப்பட்டது. பொன்னின் கணக்கோ ஆண்டுதோறும் அவுன்சு பிசகாமல் எழுதப்பட்டு வந்தது.

சுரங்கங்கள் 2001இல் மூடப்பட்டன. ஆயினும் தூசியை விட்டு விலகிய பின்னரும் இந்நோய் வளரக்கூடும். எனவே நிலத்தடியில் உழைத்த பெரியவர் வீட்டில் இருப்பின், அவருடைய பழைய தொழிலை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுதல் நலம். தங்கவயலிலோ, பொன் பிரித்தபின் கொட்டிய மண், 'சயனைடு மேடு' என்ற பெயருடன் குன்றுகளாக நிற்கிறது. காற்று வீசும் நாட்களில் அது வீடுகளுக்குள் வந்து படிகிறது.