சூரிய மின்சாரம்: பூங்காவும் மொட்டை மாடியும்

நகரக் கட்டடங்களுக்குச் சூரிய மின்சாரம் இரு வழிகளில் வருகிறது. ஊருக்கு வெளியே பல நூறு ஏக்கரில் பேனல்களை விரித்து, துணைமின் நிலையம் வழியாகக் கம்பியில் அனுப்புவது மையப்படுத்திய முறை. அந்தந்தக் கட்டடத்தின் மொட்டை மாடியிலேயே எடுத்து அங்கேயே செலவழிப்பது பரவல் முறை. பேனல் இரண்டிலும் ஒன்றுதான். வேறுபடுவன நிழல், கம்பி, எல்லாவற்றுக்கும் மேலாக மீட்டர்.

முதல் முறைக்குத் தமிழ்நாட்டின் பெரிய சான்று கமுதி. ராமநாதபுரம் மாவட்டத்தில் அதானி குழுமம் 2016இல் முடித்த 648 மெகாவாட் நிலையம் இது. சுமார் 2,500 ஏக்கரில் 25 லட்சம் பேனல்கள். தூசியைத் துடைப்பவை ரோபோக்கள். யூனிட்டுக்கு 7 ரூபாய் 1 காசு என்று மின்வாரியம் ஒப்பந்தம் போட்டது. 2017இல் ராஜஸ்தானின் பத்லா ஏலத்தில் விலை 2 ரூபாய் 44 காசுக்கு இறங்கியது. இந்தச் சரிவோடு மொட்டை மாடியால் போட்டியிட முடியாது. ஆனால் கமுதி மின்சாரம் சென்னைக்கு வர உயரழுத்தக் கம்பியும் மின்மாற்றியும் வேண்டும். வழியில் இழப்பும் உண்டு. ஏல விலையில் இவை அடங்கா.

மாடியில் ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி நிழலற்ற இடம் தேவை. நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 யூனிட் கிடைக்கும். இடம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. நம் மாடியில் தண்ணீர்த் தொட்டி நிற்கும், துணி காயும், சித்திரையில் வடகம் காயும். பேனல்களை வரிசையாகத் தொடுத்து ஒரே இன்வெர்ட்டரில் இணைத்தால், தொட்டியின் நிழல் ஒரு பேனலில் விழுந்தாலும் வரிசை முழுவதும் தளர்ந்துபோகலாம். பேனலுக்கு ஒன்றாக மைக்ரோ இன்வெர்ட்டர் வைத்தால் இது பெரிதும் தீரும், செலவு கூடும்.

இடத்தின் குணமும் கணக்கில் சேரும். சேர்வராயன் மலையடிவாரத்துக் குப்பனூரில் வெயிலுக்குக் குறைவில்லை. ஆனால் பேனல் 25 டிகிரிக்கு மேல் சூடாக ஆக, டிகிரிக்கு ஏறத்தாழ 0.4 விழுக்காடு திறன் குறையும். குப்பனூர்ப் பாதையில் ஏறி, சுமார் 1,500 மீட்டர் உயரத்து ஏற்காட்டை அடைந்தால் குளிர்ச்சி பேனலுக்கு நல்லது. மூடுபனியும் காபித் தோட்டத்துச் சில்வர் ஓக் நிழலும் அந்த லாபத்தைத் தின்றுவிடும். மழைக்காலத்தில் மரம் முறிந்து கம்பியில் விழுந்தால் இன்னொரு சங்கடம்: கம்பியில் வேலை செய்பவரின் பாதுகாப்புக்காக, மின்வெட்டின்போது கிரிட் இணைப்புள்ள இன்வெர்ட்டர் தானே நின்றுவிடும். மாடி நிறைய பேனல் இருந்தும் வீடு இருளும். பேட்டரி வைத்தவர் தப்பிப்பார்.

தமிழ்நாட்டில் பரவல் முறை அரசுத் திட்டமாகப் பரவியது, 2011இல் தொடங்கிய பசுமை வீடு திட்டத்தில். 300 சதுர அடி வீட்டுக்கு ஐந்து சூரிய விளக்குகள். ஆண்டுக்கு 60,000 வீடுகள் இலக்கு. அது கிராமத்துக்கானது. நகரத்துக்கு வழி திறந்தது மீட்டர் விதி. மாடியில் எடுத்து கம்பிக்கு அனுப்பிய யூனிட்டை, கம்பியிலிருந்து வாங்கிய யூனிட்டில் கழிக்கும் நெட் மீட்டரிங்கை 2013இல் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் அனுமதித்தது. 2019இல் அது கைவிடப்பட்டது. 2021இல் வீட்டு இணைப்புகளுக்குத் திரும்பியது. முதலீட்டை எடுக்கப் பல ஆண்டுகள் ஆகும் பொருளுக்கு இத்தனை அடிக்கடி விதி மாறுவது நல்லதல்ல.

விதியைப் போலக் கட்டணமும் முடிவைப் பாதிக்கும். வீடுகளுக்கு இரு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது 2016இல் நடைமுறைக்கு வந்தது. சிறு வீட்டுக்காரருக்கு அதனால் பேனல் மீது ஆசை எழவில்லை. பயன்பாடு கூடியவருக்குத்தான் லாபம். 2024இல் வந்த பிரதமர் சூரிய வீடு திட்டம் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் தருகிறது.

அடுக்குமாடியில் சிக்கல் வேறு. மாடி எல்லோருக்கும் சொந்தம். மீட்டர் வீட்டுக்கு வீடு தனி. யாருடைய கணக்கில் யூனிட்டைக் கழிப்பது என்ற வாதத்திலேயே பேனல் பேச்சு நின்றுபோகும். எளிய வழி பொது இணைப்பு. லிஃப்ட், தண்ணீர் மோட்டார், மாடிப்படி விளக்கு ஆகியவற்றுக்கான அந்த இணைப்புக்கு இலவச யூனிட் கிடையாது. 2022 செப்டம்பர் கட்டண உயர்வில் அதற்கு யூனிட் 8 ரூபாய் ஆனது. அங்கே பேனல் போட்டால் முதல் யூனிட்டிலிருந்தே மிச்சம்.