பொடி தேய்த்த கை

பௌர்ணமிக்கு மறுநாள் விடியலில் செங்கம் சாலைப் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். கிரிவலம் முடித்த வெளியூர்ப் பெரியவர் ஒருவர் வேப்பங்குச்சியின் நுனியைக் கடித்து நார்நாராக்கி, ஒவ்வொரு பல்லாக, அவசரமில்லாமல் துலக்கிக்கொண்டிருந்தார். அந்தக் கையையே பார்த்தபடி நின்றுவிட்டேன்.

பழைய வழக்கம் அது. விடியலில் எழுந்ததும் கோலால் பல் துலக்கச் சொல்கிறது ஆசாரக்கோவை. ஆலும் வேலும் நமக்குத் தெரிந்ததே. (அந்த வேல் வேலமரம். முருகன் கை வேல் என்று பரீட்சையில் எழுதிய பிள்ளைகள் உண்டு!)

குச்சிக்குப் பிறகு எங்கள் வீட்டில் உமிக்கரி, உப்பு, எதுவும் இல்லாவிட்டால் செங்கல் தூள். கடைப் பொடிகளில் 1913-இல் தொடங்கிய நஞ்சன்கூடு வைத்தியசாலையின் பல்பொடி பேர்போனது. கோபால் பல்பொடியைத் தேய்த்ததைவிடத் தின்றதுதான் அதிகம் என்பதை என் வயதுக்காரர்கள் மறுக்கமாட்டார்கள். பொடி வந்ததும் துலக்குவது போய்த் தேய்ப்பது வந்தது. ஆட்காட்டி விரலால் பக்கவாட்டில் பரபரவென்று.

அப்புறம் பிரஷ். கோல்கேட் இந்தியாவில் கம்பெனியானது 1937-இல். அமெரிக்காவில் பன்றிமயிர் போய் நைலான் பிரஷ் விற்பனைக்கு வந்தது 1938-இல். எங்கள் தெருவுக்கு வர இன்னும் பல வருடங்கள் ஆயின. பிரஷ் வந்ததே தவிர, பிடிக்கிற விதத்தை யாரும் சொல்லித் தரவில்லை. விரல் செய்த வேலையையே பிரஷும் செய்தது.

சொல்லியிருக்கவேண்டியவன் நான். 1990 வாக்கில் தருமபுரிப் பக்கமிருந்து வந்து என் வகுப்பில் சேர்ந்தான் ஒரு பையன். பல்லெல்லாம் பழுப்புக் கறை. "நல்லா அழுத்தித் தேய்டா" என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். மறுநாள் செங்கல் தூள் போட்டுத் தேய்த்து, ஈறு புண்ணாகி வந்தான். வாயைத் திறக்கவே இல்லை.

அது அழுக்கு அல்ல. நிலத்தடி நீரிலுள்ள ஃபுளோரைடு. பல் ஈறுக்குள் உருவாகும்போதே எனாமலில் ஏறிவிடும். எவ்வளவு தேய்த்தாலும் போகாது. அந்த ஜனங்களுக்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, 2013-இல். அவனுக்கு அது பயன்பட்டிருக்காது.

சரியான முறையை அமெரிக்க மருத்துவர் சார்லஸ் பாஸ் 1940-50களிலேயே எழுதிவிட்டார். அவர் பல் மருத்துவரே அல்ல, மருத்துவக் கல்லூரி முதல்வராக இருந்து ஓய்வுபெற்றவர். மிருதுவான பிரஷை ஈறும் பல்லும் சேரும் இடத்தில் 45 டிகிரி சாய்த்து வைத்து, இடம் மாற்றாமல் லேசாக அசைக்கவேண்டும். பிறகுதான் அடுத்த பல். கிட்டத்தட்ட அந்தக் குச்சிக்காரர் கைதான்.

எனக்கு இது தெரிந்தது ஓய்வுக்குப் பிறகு. என் பல்லின் அடியில் விழுந்திருந்த பள்ளங்களைக் கண்ணாடியில் காட்டி, "ரொம்ப வருஷமா அழுத்தித் தேய்ச்சிருக்கீங்க சார்" என்றார் டாக்டர். இப்போது பிரஷைப் பென்சில் மாதிரி பிடிக்கிறேன். கொஞ்சம் அசந்தால், கை பழையபடி பக்கவாட்டில் ஓடுகிறது.