சந்திராவின் பெயரும் தொலைகாட்டியின் கண்ணும்

தமிழில் விஞ்ஞான வரலாறு பெரும்பாலும் மேதைகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. 1999 யூலையில் விண்ணுக்கு அனுப்பப்பட்ட அமெரிக்க எக்ஸ் கதிர்த் தொலைகாட்டி, சுப்பிரமணியன் சந்திரசேகரின் நினைவாகச் 'சந்திரா' எனப் பெயர் பெற்றமை எமக்குப் பெருமிதம் தந்தது. அது நியாயமானதே. ஆயினும் அத்தொலைகாட்டியின் கண்ணை எவ்வுழைப்பு உருவாக்கியது என்பதே வரலாற்று மாணவன் எழுப்பவேண்டிய வினாவாகும்.

வளிமண்டலம் எக்ஸ் கதிர்களை உறிஞ்சிவிடுவதால் அவற்றை விண்ணிலேயே உணரவேண்டியுள்ளது. 1962 யூனில் ஜியக்கோனி குழுவினர் உந்துகணையில் ஏற்றிய கைகர் எண்ணிகள், சூரிய மண்டலத்துக்கு அப்பாலிருந்து வந்த எக்ஸ் கதிர்களை முதன்முதலாக உணர்ந்தன. அதற்கு நிதி வழங்கியது அமெரிக்க விமானப்படை. கெடுபிடிப்போர்க் காலச் செலவினமே இத்துறைக்கு வழிதிறந்தது.

அவ்வெண்ணிகள் கதிர்களை எண்ணினவேயன்றி விம்பம் தரவில்லை. நேராக விழும் எக்ஸ் கதிரைச் சாதாரண ஆடி திருப்பிவிடாது. மாங்கேணிச் சிறுவர் சாய்வாக வீசும் ஓட்டுத்துண்டு களப்புநீரில் தத்திச் செல்வதுபோல, மிகச் சாய்வாகப் படும் கதிரே தெறிக்கும். இத்தத்துவத்தில் அமைந்த ஐன்ஸ்டைன் தொலைகாட்டி 1978இல் விண்மீன்களின் எக்ஸ் கதிர் விம்பங்களைத் தந்தது. குவியும் கதிரை ஏற்கும் சிறந்த உணரி, பெல் தொலைபேசி நிறுவன ஆய்வுகூடத்தில் 1969இல் நினைவகச் சாதனமாக எண்ணப்பட்ட சிலிக்கன் சில்லிலிருந்து பிறந்தது. ஓர் எக்ஸ் கதிர்த் துகள் சில்லில் விழுந்ததும் பல இலத்திரன்கள் விடுபடுகின்றன. விழுந்த இடம் விம்பத்தையும், இலத்திரன்களின் தொகை கதிரின் சக்தியையும் அறிவிக்கின்றன. சந்திராவின் விம்பக் கருவியொன்றில் இத்தகைய பத்துச் சில்லுகள் உள்ளன. அவற்றை ஆக்கிய லிங்கன் ஆய்வுகூடம், வான்பாதுகாப்பு ஆய்வுக்கென 1951இல் நிறுவப்பட்டதாகும்.

இந்தியாவின் அஸ்ட்ரோசாற் செய்மதி 2015 செப்டெம்பர் 28இல் ஏவப்பட்டது. அதன் மென் எக்ஸ் கதிர்த் தொலைகாட்டியின் ஆடிகளை மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் தாமே செய்தனர். ஆனால் விம்பமெடுக்கும் சில்லுக் கமெரா இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் பங்களிப்பாக வந்தது. இதனைத் திறமைக்குறைவென்று கொள்ளலாகாது. உணரிக்கு வேண்டிய சில்லுத் தொழிற்றுறை எங்கே வளர்ந்தது என்பதையே இது காட்டுகிறது.

சந்திரசேகரும் 1930இல் மும்பையிலிருந்து கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறினார். மேதைமை இங்கு பிறந்தது. அதற்குக் களமான நிறுவனங்களும் கருவிகளும் அங்கிருந்தன. பெயரைக் கொண்டாடுவதுடன் நின்றுவிடாது, அந்தக் களத்தை எமது மண்ணிலும் உருவாக்கும் பணியை மேற்கொள்ளும்போதே எமது பெருமிதம் பொருளுடையதாகும்.