வத்திராயிருப்பு வெளிச்சம் – 9: ஈதர் ஆவியில் ஒரு கீற்று

சென்ற வாரம் கிருஷ்ணனைக் கல்கத்தா பவ்பஜார் தெருவில் விட்டுவிட்டு வந்தோம். 1928 பிப்ரவரி 9, வியாழக்கிழமை. காலையிலிருந்து நீண்ட தொலைநோக்கியைப் பொருத்தும் வேலை. அது முடிவதற்குள் வகுப்புக்கு நேரமாகிவிட, ராமன் அரைமனதாகக் கிளம்பிப் போனார். மிச்ச வேலை கிருஷ்ணன் தலையில்.

ஸ்ரீவில்லிபுத்தூர் இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்த அந்த வத்திராயிருப்புப் பிள்ளைக்கு அப்போது வயது 29. இரண்டு நாளுக்கு முன்புதான் திரவங்களுக்குள் நிறம் மாறிச் சிதறும் ஒளியைக் கண்டிருந்தார்கள். அது வழக்கமான ஒளிர்வு அல்ல என்று ராமன் அன்றிரவே முடிவுகட்டிவிட்டார். ஆனால் திரவத்தில் மூலக்கூறுகள் திருவிழாக் கூட்டம்போல நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. நிறம் மாறுவது அந்த நெரிசலாலா, தனி மூலக்கூறின் குணத்தாலா? ஆவியைக் கேட்டால்தான் தெரியும்.

ஆவியோ லேசில் வாய் திறக்காது. திரவத்தோடு பார்த்தால் அதில் மூலக்கூறுகள் நூற்றுக்கணக்கான மடங்கு குறைவு. சிதறும் ஒளியும் அவ்வளவுக்கு மங்கல். லேசர் பிறக்க இன்னும் 32 ஆண்டுகள் இருந்தன. கையில் இருந்தது வெயில் மட்டும்.

எங்கள் பக்கத்தில் பால்கோவா கிண்டுவதைப் பார்த்தவர்களுக்கு அடுத்து நடந்ததைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. வெயிலைச் சுண்டவைத்தார்கள். 18 சென்டிமீட்டர் அகலமும் 230 சென்டிமீட்டர் குவியத் தூரமும் கொண்ட தொலைநோக்கி வில்லை முதலில் வெயிலை ஒடுக்கும்; 5 சென்டிமீட்டர் குவியத் தூரமுள்ள இரண்டாவது வில்லை அதை இன்னும் ஒடுக்கி, தூசி நீக்கிய ஆவிக்குள் ஒரு புள்ளியாக இறக்கும்.

சோதிக்கும் முறை அதைவிட அழகு. வெயில் வரும் வழியில் நீல ஊதா வடிகட்டி ஒன்று, மஞ்சள் பச்சை வடிகட்டி ஒன்று. முதலாவது விடுவதை இரண்டாவது விடாது; ஆக, உள்ளே இருட்டு. இப்போது மஞ்சள் பச்சையை மட்டும் எடுத்து, ஆவிக்கும் கண்ணுக்கும் நடுவே வையுங்கள். ஒளித்தடம் மறுபடி தெரிந்தால், உள்ளே போன நீலம் வேறு நிறமாகித்தான் வெளியே வந்திருக்கிறது.

மதியம் ஈதர் ஆவியை வைத்தார். வடிகட்டியை மாற்றிப் பிடித்தார்.

தடம் தெரிந்தது. அவரே எதிர்பாராத அளவு தெளிவாக.

இங்கே ஒரு இடைச்செருகல். 1987-இல் பாரிஸ் அருகே சாக்லே ஆய்வகத்தில் ஆன் லூலியேவின் குழு, அகச்சிவப்பு லேசரை ஆர்கான் வாயுவில் குவித்தது. 33-வது ஒத்திசை வரை, அதாவது 33 மடங்கு அதிர்வெண் கொண்ட ஒளிவரை, வெளியே வந்தது. லேசரின் மின்புலம் அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்து, வீசி, திரும்ப இழுத்து மோதவைக்கிறது. மோதலின் ஆற்றல் புற ஊதா ஒளியாகிறது. அந்தப் பாதையில் போனவர்களுக்கு 2023-இல் நோபல் பரிசு. அங்கேயும் குவிப்பதில்தான் சூட்சுமம். அளவுக்கு மீறிக் குறுக்கினால் குவியத்தின் வழியே அலையின் கட்டம் வேகமாக மாறி, ஓர் அணுவில் பிறந்த ஒளி அடுத்த அணுவின் ஒளியையே அழித்துவிடும். அதனால்தான் இன்று கற்றையின் வடிவத்தையே செதுக்குகிறார்கள். கிருஷ்ணன் கண்டது வேறு, இது வேறு. 'அன்றே சொன்னான் தமிழன்' என்று யாரும் வாட்ஸ்அப்பில் கிளம்ப வேண்டாம். வாயுவிடம் புது நிறம் கேட்பவர் முதலில் ஒளியைப் பக்குவம் பண்ண வேண்டும் என்பது மட்டும் இரண்டுக்கும் பொது.

பவ்பஜாருக்குத் திரும்புவோம். மூன்று மணிவாக்கில் ராமன் வந்தார். வெயில் இன்னும் மிச்சமிருந்தது. கிருஷ்ணன் விஷயத்தைச் சொன்னார். ராமன் கண்ணை வைத்துப் பார்த்தார். அவ்வளவுதான், முதல்தரமான கண்டுபிடிப்பு என்று கூவிக்கொண்டே கட்டடம் முழுக்க ஓட ஆரம்பித்துவிட்டார். எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டச் சொன்னார். ஆவியைச் சூடேற்றிப் பார்க்க ஏற்பாடு செய்யும்படி மெக்கானிக்குகளுக்கு உத்தரவு பறந்தது. இத்தனையையும் கிருஷ்ணன் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். தம்மைப் பற்றி மட்டும் கொஞ்சமாக.

ஆனால் அன்று பார்த்ததெல்லாம் கண்தான். நிறமாலைப் புகைப்படம் ஒன்றுகூட எடுக்கவில்லை.

சரியாகப் பன்னிரண்டு நாள் கழித்து, பிப்ரவரி 21 அன்று, மாஸ்கோவில் இரண்டு பேர் குவார்ட்ஸ் படிகத்தில் பாதரச விளக்கின் ஒளியைப் பாய்ச்சிப் பதிவெடுத்தார்கள். லான்ட்ஸ்பெர்க், மாண்டெல்ஷ்டாம். தேடியது வேறெதையோ. நிறமாலையில், இருக்கக் கூடாத இடத்தில், ஒரு கோடு.

(தொடரும்)