ஏரிக்கரையில் நடைபாதை வருது... ஓடை எங்கே போகும்? பாதை போடும் முன் பார்க்க வேண்டியது என்ன?

ஊர் ஏரியைச் சுற்றி நடைபாதை வரப்போகிறது என்றால் வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். காலையில் நடக்கலாம், பிள்ளைகள் சைக்கிள் ஓட்டலாம். சிக்கல் தெரிவது அடுத்த ஐப்பசி மழையில்தான். பாதைக்கு வெளிப்பக்கம் தண்ணி தேங்கி நிற்கும், ஏரிக்குள் வர வேண்டியது வராது. "இத்தனை வருஷத்துல இங்க தண்ணி நின்னதே இல்லையே" என்று பேச்சு கிளம்பும்.

காரணம் ரொம்ப சிம்பிள். மண்ணைக் கொட்டி ஓரடி உயர்த்தி, மேலே கான்கிரீட் போட்ட பாதை, தண்ணீருக்கு ஒரு குட்டி அணை. அந்தப் பாதை எத்தனை ஓடைகளைக் குறுக்கே வெட்டுகிறது, எந்த ஈர நிலத்தின் மேல் ஏறுகிறது என்று முன்கூட்டியே பார்ப்பதுதான் நீர்நிலை மதிப்பீடு.

காய்ந்து கிடந்தால் ஓடை இல்லையா?

ஓடைகளை மூன்று வகையாகப் பிரிப்பார்கள். வருஷம் முழுக்க ஓடுபவை, மழைக்காலத்தில் சில மாதங்கள் ஓடுபவை, மழை பெய்த சில மணி நேரம் மட்டும் ஓடி நின்றுவிடுபவை. தமிழ்நாட்டின் சமவெளியில் பின்னிரண்டு வகைகள்தான் அதிகம். மதிப்பீட்டில் விட்டுப்போவதும் பெரும்பாலும் அவைதான்.

சித்திரையில் போய்ப் பார்த்தால் அங்கே ஆடு மேய்ந்துகொண்டிருக்கும். ஆனால் தடயம் இருக்கும். வெட்டுப்பட்ட கரை, வரிவரியாகப் படிந்த மணல், வெளியே தெரியும் மர வேர், முள்செடியில் இடுப்பு உயரத்தில் சிக்கியிருக்கும் சருகும் பிளாஸ்டிக்கும். அந்தக் குப்பை இருக்கும் உயரம் வரை போன மழையில் வெள்ளம் வந்திருக்கிறது என்று அர்த்தம். இதைப் படிக்கத் தெரிந்தவர் ஒருமுறை கோடையிலும் ஒருமுறை வடகிழக்குப் பருவமழையிலும் நடந்து பார்க்க வேண்டும். ஒரே நாளில் முடிந்த சர்வேயை நம்புவது கஷ்டம்.

களத்துக்குப் போகும் முன்பே ஒரு வேலை இருக்கிறது. கிராம வரைபடத்தையும் 'அ' பதிவேட்டையும் எடுத்து, ஓடைப் புறம்போக்கு, வாய்க்கால், ஏரி என்று பதிவானவற்றைப் பாதையின் வரைபடத்தோடு ஒட்டிப் பார்ப்பது. காகிதத்தில் ஓடை இருந்து, நேரில் வீட்டு மனை இருந்தால், வெள்ளம் எந்தப் பக்கம் திரும்பும் என்பது அடுத்த கேள்வி.

சதுப்பு நிலத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

தண்ணி நின்றால் சதுப்பு, இல்லாவிட்டால் தரிசு என்பது தப்புக் கணக்கு. அமெரிக்க ராணுவத்தின் பொறியாளர் பிரிவு 1987-ல் வெளியிட்ட கையேடு மூன்று அடையாளங்களைத் தேடச் சொல்கிறது: செடி, மண், தண்ணீர். அந்த முறை நம்ம ஊர் நிலத்தைப் புரிந்துகொள்ளவும் உதவும்.

கோரை, சம்பு, நாணல், நீர்முள்ளி அடர்ந்திருந்தால் முதல் சந்தேகம். அடுத்து அரை மீட்டர் ஆழத்துக்குக் குழி தோண்டுவார்கள். நீண்ட நாள் நீரில் ஊறிய மண்ணுக்குள் காற்று போகாது. அதனால் அதிலுள்ள இரும்பு நிறம் மாறி, மண் சாம்பல் நிறமாகி, நடுவே துருப் புள்ளிகள் தெரியும். செடியை வெட்டிவிடலாம், தண்ணியை வடித்துவிடலாம். மண்ணின் நிறம் அவ்வளவு சீக்கிரம் மாறாது. அதனால்தான் இந்தக் குழி முக்கியம்.

சட்டம் என்ன சொல்கிறது?

2017-ம் ஆண்டு ஈரநில விதிகளின்படி, அந்த விதிகளுக்குள் வரும் ஈரநிலத்தின் சராசரி உச்ச வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள், படகுத் துறை தவிர நிரந்தரக் கட்டுமானம் கூடாது. நடைபாதைக்கும் இது பொருந்தும். ஆனால் ஆற்றுப் படுகை, நெல் வயல், பாசனத்துக்காகவும் குடிநீருக்காகவும் மனிதர் வெட்டிய நீர்நிலைகள் இந்த விதிகளின் வரையறைக்கு வெளியே நிற்கின்றன. நம்ம ஊர் ஏரிகளில் பெரும்பாலானவை பாசனத்துக்காக வெட்டியவை என்பதை நினைத்துப் பார்த்தால் ஓட்டையின் அளவு புரியும்.

ஏரி ஆக்கிரமிப்புக்கு எதிராகத் தமிழக அரசின் 2007-ம் ஆண்டு சட்டம் இருக்கிறது. ஆனால் அரசே போடும் பாதையை ஆக்கிரமிப்பு என்று யார் சொல்வது? சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுக்கான 2006 அறிவிக்கையின் பட்டியலிலும் நடைபாதை என்று ஓர் இனம் கிடையாது. ஆகவே பல இடங்களில் நல்ல மதிப்பீடு நடப்பது, திட்டத்தை எடுத்த துறையின் மனசைப் பொறுத்த விஷயமாகிவிடுகிறது.

பள்ளிக்கரணையும் வேடந்தாங்கலும்

தென்சென்னை ஏரிகள் பலவற்றின் உபரிநீர் பள்ளிக்கரணைக்கு வந்து, ஒக்கியம் மடுவு, பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகக் கோவளம் முகத்துவாரத்துக்குப் போகிறது. 2022-ல் ராம்சார் தகுதி பெற்ற இந்தச் சதுப்பு நிலத்தை, துரைப்பாக்கம்–பல்லாவரம் சாலை குறுக்கே வெட்டிச் செல்கிறது. அது பெரிய சாலை, நடைபாதை இல்லைதான். ஆனால் உயர்த்திய தளம் தண்ணீரின் வழியில் குறுக்கிடும் விதம் இரண்டிலும் ஒன்றே.

வேடந்தாங்கலில் கதை வேறு. பார்வையாளர்கள் நடப்பது ஏற்கெனவே இருக்கும் ஏரிக்கரை மேல். புதிதாக ஒரு ஓடையும் மறிபடவில்லை. பறவைகள் தண்ணீருக்கு நடுவே மரங்களில், ஆட்களிடமிருந்து தள்ளியே இருக்கின்றன.

மதிப்பீடு சரியாக நடந்தால் பாதையே மாறும். ஈர நிலத்தைச் சுற்றிக்கொண்டு போகும். ஓடையைக் கடந்தே ஆக வேண்டும் என்றால், குறுகலான இடத்தில் நேர்க்குறுக்காக, வெள்ளம் தங்குதடையின்றிப் போகும் அகலத்தில் சிறுபாலம் வரும். சின்னக் குழாய் ஒன்றைப் புதைத்துவிட்டு மண்ணை மூடும் வேலை உதவாது. இரண்டு மழையில் குப்பை அடைத்துக்கொள்ளும். சதுப்பைக் கடக்க, தூண்கள் மேல் நிற்கும் பலகைப் பாதை. இது செலவு கூட. ஆனால் கீழே தண்ணி ஓடும், கோரையும் வளரும்.

உங்க ஊரில் பாதை வருகிறதா?

தமிழக அரசின் 'எங்கிருந்தும் எந்நேரமும்' நில ஆவண இணையதளத்தில் சர்வே எண்ணைப் போட்டு 'அ' பதிவேட்டைப் பார்க்கலாம். பாதை போகும் எண்களில் ஓடை, வாய்க்கால் என்று இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டு, பாதையின் வரைபடம், ஓடைகளைக் கடக்கும் இடங்கள், அங்கே திட்டமிட்டுள்ள பாலத்தின் அகலம், கள ஆய்வு நடந்த தேதி ஆகியவற்றைக் கேட்கலாம். பொதுவாக 30 நாளில் பதில் வர வேண்டும். ஆய்வுத் தேதி ஏப்ரல், மே மட்டும் என்று வந்தால், மழைக்கால ஆய்வு எங்கே என்று அடுத்த மனுவில் கேளுங்கள்.