இரவல் சேலையும் 2015 கோப்பையும்

"இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தாளாம்" என்று நம்ம பக்கத்தில் ஒரு சொலவடை உண்டு. கல்யாண வீட்டுக்கு அடுத்த வீட்டு நகையை வாங்கிப் போட்டுட்டுப் போறவங்களுக்குச் சொல்வது. கால்பந்துக்கும் இது பொருந்தும் என்று எனக்குப் பட்டதற்கு, வண்ணார்பேட்டையில் மேம்பாலத்துக்குக் கீழே டீ குடிக்கிற நேரத்தில் வருஷக்கணக்காகத் தீராமல் ஓடும் ஒரு வாக்குவாதம்தான் காரணம்.

வாக்குவாதம் இதுதான். 2015-ல் சென்னையின் எஃப்சி கோப்பை வாங்கியதே, அது அணி வாங்கிய கோப்பையா, மெண்டோசா வாங்கிக் கொடுத்த கோப்பையா? "ஏ, அவன் ஒருத்தன் இல்லேன்னா அன்னைக்குக் கப்பு கோவாவுக்குத்தான் போயிருக்கும்ல" என்பது ஒரு கட்சி. "மூணு மாசத்துக்கு லோன்ல வந்தவன் அண்ணாச்சி, வந்தான், அடிச்சான், போயிட்டான். அவனை வச்சு ஒரு டீமை எடை போடலாமா?" என்பது எதிர்க்கட்சி. இரண்டு பேரும் திருநெல்வேலிக்காரர்கள். சென்னை மைதானத்தில் உட்கார்ந்து ஒரு ஆட்டம்கூடப் பார்த்தவர்கள் இல்லை. அறுநூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஒரு அணிக்காக இப்படி அடித்துக்கொள்கிறார்களே என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் பழைய கணக்குகளை எடுத்துப் பார்த்தால் விஷயம் சுவாரசியமாக இருந்தது.

முதலில் இந்த 'லோன்' எப்படி வந்தது என்று பார்த்துவிடலாம். ஐஎஸ்எல் 2014-ல் தொடங்கியபோது அக்டோபரில் ஆரம்பித்து டிசம்பரில் முடிகிற போட்டி. எட்டே அணிகள். மூன்று மாதத்துக்காக ஒருத்தரை வருஷம் பூரா சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்வது கட்டுப்படியாகாது. அதனால் இந்திய ஆட்டக்காரர்கள் ஐஎஸ்எல் மாதங்களில் ஒரு சட்டை, ஐ-லீக் மாதங்களில் இன்னொரு சட்டை என்று மாற்றிப் போட்டுக்கொண்டார்கள். ஜேஜே லால்பெக்லுவா அப்படித்தான், இங்கே சென்னை, அங்கே மோகன் பகான். வெளிநாட்டுக்காரர்களில் சிலர் தங்கள் கிளப்பிலிருந்து இரவலாக வந்தார்கள். சுருக்கமாகச் சொன்னால், அந்த முதல் மூன்று வருஷம் லீக்கே பாதி இரவல்தான். 2017–18-ல் ஐஎஸ்எல் ஐந்து மாதத்துக்கு நீண்டு, ஐ-லீக்கும் அதே சமயத்தில் நடந்தபோதுதான் இந்த இரட்டைச் சட்டை வழக்கம் ஒழிந்தது.

ஸ்டீவன் மெண்டோசா கொலம்பியாக்காரர், பல்மீரா என்ற ஊரில் 1992-ல் பிறந்தவர். 2014-ல் முதல் தடவை சென்னைக்கு வந்தபோது வயது 22. அந்த வருஷம் அவர் போட்டது நான்கு கோல். அப்போது ஊரே கொண்டாடியது எலானோவை. பிரேசிலுக்காக உலகக் கோப்பை ஆடியவர், 8 கோல் போட்டுத் தங்கக் காலணி வாங்கினார். சென்னை லீக் பட்டியலில் முதலிடம் பிடித்து, அரையிறுதியில் கேரளா பிளாஸ்டர்ஸிடம் மண்ணைக் கவ்வியது. கொச்சியில் 3–0 தோல்வி. சென்னையில் அந்த மூன்று கோலையும் திருப்பி அடித்து, கூடுதல் நேரத்தில் ஸ்டீபன் பியர்சன் போட்ட ஒற்றைக் கோலில் போயே போச்சு.

அடுத்த வருஷம் பிரேசிலின் கொரிந்தியன்ஸ் மெண்டோசாவை வாங்கியது. அங்கிருந்துதான் 2015-ல் சென்னைக்கு இரவலாக வந்தார். வயது 23. இடது பக்கத்தில் பந்தை வாங்கி உள்ளே திரும்பி ஓடினால் அன்றைக்கு இந்திய லீக்கில் அவரைப் பிடிக்க ஆள் கிடையாது. கோவாவில் வைத்தே கோவாவுக்கு எதிராக மூன்று கோல் அடித்தார், சென்னை 4–0 என்று வென்றது. சீசன் முடிவில் 13 கோல், தங்கக் காலணி. அடுத்து வந்த கொல்கத்தாவின் இயன் ஹியூமுக்கு 11. சென்னையிலேயே அடுத்தவர் ஜேஜே, 6 கோல். அணியின் கோல்களில் ஐந்தில் இரண்டு பங்கு ஒரே ஆளுடையது. முதல் கட்சிக்காரர் கையில் இருக்கும் துருப்பு இது.

ஆனால் அந்த வருஷத்தை முழுசாகப் பார்க்கணும். பாதி சீசனில் சென்னை பட்டியலின் அடியில் கிடந்தது. மெண்டோசா அப்போதும் அணியில்தான் இருந்தார், கோலும் போட்டுக்கொண்டுதான் இருந்தார். அணிதான் தோற்றுக்கொண்டிருந்தது. கடைசி நான்கு லீக் ஆட்டங்களையும் வரிசையாக வென்று, மூன்றாம் இடத்தில் ஏறி அரையிறுதிக்கு வந்தது. ஒரு ஆள் கோல் அடிப்பதும் ஒரு அணி ஜெயிப்பதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

அதற்குள் டிசம்பர் மழை. சென்னை முங்கியது. 2023 டிசம்பரில் தாமிரபரணி வண்ணார்பேட்டைக்குள் ஏறி வந்ததைப் பார்த்தவர்களுக்கு அதை நான் விவரிக்க வேண்டியதில்லை. சொந்த மைதானத்தில் நடக்க வேண்டிய அரையிறுதி புனேவுக்கு, பாலேவாடிக்கு மாற்றப்பட்டது. டிசம்பர் 12. எதிரே போன வருஷத்துச் சாம்பியன் கொல்கத்தா. சென்னைக்கு ஆட்டக்காரன்தான் இரவல் என்று பார்த்தால், மைதானமும் இரவல். அங்கே 3–0. புரூனோ பெலிசாரி ஒன்று, ஜேஜே ஒன்று, மெண்டோசா ஒன்று. பெலிசாரியும் பிரேசிலின் அத்லெட்டிகோ பரனேன்சேயிலிருந்து இரவலாக வந்தவர்தான். நடுக்களத்தில் ஆடிய ரஃபேல் அகஸ்டோ ஃபுளுமினென்சேயின் இரவல். இரண்டாவது ஆட்டத்தில் கொல்கத்தா 2–1 என்று ஜெயித்தும் பிரயோஜனம் இல்லை, மொத்தக் கணக்கில் 4–2.

இறுதி ஆட்டம் டிசம்பர் 20, கோவாவின் ஃபட்டோர்டா மைதானம். எதிரே கோவாவேதான். 54-வது நிமிஷம் சென்னைக்குப் பெனால்டி. பெலிசாரி அடித்ததைக் கோல்கீப்பர் லட்சுமிகாந்த் கட்டிமணி தடுக்க, திரும்பி வந்த பந்தை அவரே உள்ளே தள்ளினார். நாலே நிமிஷத்தில் ஹாவ்கிப் சமன் செய்தார். பிறகு சென்னைக்கு இன்னொரு பெனால்டி. இந்தத் தடவை அடித்தது மெண்டோசா. கட்டிமணி அதையும் தடுத்தார். 87-வது நிமிஷம் ஜோஃப்ரே கோவாவுக்கு 2–1. முடிஞ்சது கதைன்னு பாதிப் பேர் டிவியை அணைச்சிருப்பாங்க. 90-வது நிமிஷம், இரண்டு பெனால்டியைத் தடுத்த அதே கட்டிமணியின் கையில் பட்டுப் பந்து சொந்த வலைக்குள் போனது. அடுத்த இரண்டு நிமிஷத்துக்குள் மெண்டோசா. 3–2.

அந்தப் பெனால்டி தவறியதை இரண்டு கட்சியுமே பேசுவதில்லை என்பது எனக்கு வேடிக்கை. மெண்டோசா கட்சிக்கு அது வசதிப்படாது. எதிர்க்கட்சிக்கும் வசதிப்படாது, ஏன்னா அதைச் சொன்னால் கூடவே கடைசி நிமிஷக் கோலையும் சொல்லணும். என் தீர்ப்பு இது: கோப்பைக்கு உரிய ஆட்டத்தை அணி ஆடியது, கோப்பையை எட்டிப் பறித்த கை மெண்டோசாவுடையது. கட்டிமணியின் அந்த ஒரு நிமிஷம் இல்லையென்றால் பறிக்கவும் ஒன்றும் இருந்திருக்காது.

சொலவடைக்கு வருவோம். 2016-ல் மெண்டோசா வரவில்லை. கொரிந்தியன்ஸ் அவரை நியூயார்க் சிட்டிக்கு இரவல் கொடுத்தது, அடுத்த வருஷம் பிரேசிலிலேயே பாஹியாவுக்கு. அந்தப் பையனுக்கும் சொந்தச் சட்டை என்று ஒன்று வெகுகாலம் அமையவில்லை. இங்கே அதே மாற்றராஸி, அதே நீலச் சட்டை. சென்னை எட்டில் ஏழாவது. "பாத்தியால, சொன்னேன்ல" என்று முதல் கட்சி இன்றைக்கும் காலரைத் தூக்கிவிடும் இடம் இது.

ஆனால் அதே 2016-ல் நடந்த இன்னொன்றை யாரும் கவனிக்கவில்லை. டேராடூனிலிருந்து அனிருத் தாப்பா என்ற 18 வயசுப் பையனைச் சென்னை எடுத்தது. சீசன் முடிந்ததும் ஆட்டம் பழகட்டும் என்று ஐ-லீக்கில் மினர்வா பஞ்சாபுக்கு இரவல் அனுப்பியது. வாங்கிக்கொண்டே இருந்தவர்கள் கொடுத்துப் பார்த்தார்கள். பையன் திரும்பி வந்து நடுக்களத்தில் வருஷக்கணக்கில் ஆடினான், பிற்பாடு அணித்தலைவனும் ஆனான். இரவலாக வந்த ரஃபேல் அகஸ்டோவையும் 2017-ல் நிரந்தரமாகவே வைத்துக்கொண்டார்கள். 2018 மார்ச் 17, பெங்களூரு கண்டீரவா மைதானம், இறுதி ஆட்டம். மைல்சன் ஆல்வெஸ் தலையால் இரண்டு, மூன்றாவது ரஃபேல் அகஸ்டோ. மறுபடியும் 3–2, மறுபடியும் கோப்பை. மெண்டோசா இல்லை. ஒரு இரவல் ஆட்டக்காரனால் அணிக்கு என்ன பலன் என்று கேட்டால், அவன் அடித்த கோலை மட்டும் எண்ணக் கூடாது, அவன் போன பிறகு என்ன மிஞ்சியது என்றும் எண்ணணும் என்பேன்.

ஃபிஃபாவுக்கே இந்த இரவல் பழக்கம் தலைவலியாகி, 2022 ஜூலை முதல் கட்டுப்பாடு கொண்டுவந்தது. ஒரு வருஷத்துக்கு மேல் இரவல் கூடாது, இரவல் வாங்கிய ஆளை உள்-இரவல் விடக் கூடாது, சர்வதேச இரவல்களில் ஒரு கிளப்புக்கு இத்தனை பேர்தான் என்று. 2024-லிருந்து அந்த எண்ணிக்கை ஆறு. கிளப்பே வளர்த்த, 21 வயசுக்கு மேற்படாத பையன்களுக்கு விலக்கு.

நமக்கு இதெல்லாம் புதுசு இல்லை. கோயில் கொடைக்கு நடக்கும் கபடிப் போட்டியில் பக்கத்து ஊர் ரைடர் ஒருத்தரை ராத்திரியோடு ராத்திரியாக வண்டியில் ஏற்றிக்கொண்டு வருவதும், எதிர் அணி "இவன் எந்த ஊர்க்காரன்வே?" என்று கோட்டைத் தாண்டி வந்து நிற்பதும் எத்தனை தடவை நடந்திருக்கு. போட்டி நோட்டீசில் 'வெளியூர் ஆட்டக்காரர்களுக்கு அனுமதி இல்லை' என்று போடுவதே அந்தச் சண்டைகளுக்குப் பிறகு வந்த வழக்கம்தான். கொல்கத்தாவிலும் அப்படியே. 1934 முதல் 1938 வரை ஐந்து வருஷம் தொடர்ந்து லீக்கை வென்ற முகமதன் ஸ்போர்ட்டிங், வெளியூர்களிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து கட்டிய அணி. பிற்பாடு ஈஸ்ட் பெங்காலில் 'பஞ்ச பாண்டவர்' என்று கொண்டாடப்பட்ட ஐவரில் அகமது கான் பெங்களூர்க்காரர். அவர்கள் லோன் இல்லைதான், ஆனால் 'நம்ம ஆளா, வந்த ஆளா' என்ற கேள்வி அதேதான்.

வண்ணார்பேட்டை வாக்குவாதத்தில் இவ்வளவு சூடு இருப்பதற்கும் இந்தக் கேள்விதான் காரணம் என்று நினைக்கிறேன். திருநெல்வேலிக்கென்று ஐஎஸ்எல்லில் அணி கிடையாது. சென்னை அணியே நமக்கு இரவல் மாதிரிதான். அதில் தெற்கத்திப் பையன் ஒருத்தன் ஆடியிருந்தால் மெண்டோசாவைப் பற்றி இத்தனை பேச்சு இருந்திருக்காது. ஆள் இல்லாமலும் இல்லை. கன்னியாகுமரிக் கடற்கரையிலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ், சென்னை சிட்டிக்காக ஐ-லீக்கில் கலக்கியவர். 2018-ல் அவரை எடுத்தது ஜாம்ஷெட்பூர், அதற்கடுத்த வருஷம் கொல்கத்தாவின் ஏடிகே. 2020 மார்ச் 14, கொரோனா பயத்தில் ஆளில்லாமல் கிடந்த அதே ஃபட்டோர்டா மைதானத்தில் இறுதி ஆட்டம். ஏடிகே 3, சென்னை 1. நம்ம கடற்கரைப் பையனுக்குக் கோப்பை கிடைத்தது, கொல்கத்தாச் சட்டையில்.

அந்த ராத்திரி நீங்க யார் பக்கம் என்று இரண்டு கட்சிக்காரர்களையும் பிறகொரு நாள் கேட்டேன். மெண்டோசா கட்சிக்காரர் உடனே "சென்னைதான்" என்றார். மற்றவர் டீயைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பதிலே சொல்லவில்லை.